கலங்கிய காலத்தில் ஆன்மிக வாழ்வு: நோட்டில் விழுந்த ஒரு புள்ளி

கேள்வி சுருக்கமாக இது: "நாலு வருடமாகக் காலையில் தவறாமல் தியானம் செய்கிறேன். நல்ல சொற்பொழிவுகள் கேட்கிறேன். ஆனால் செய்தியைத் திறந்தால் போரும் வெறுப்பும்தான். வேலையிடத்தில் பொய் சொல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். இந்தக் காலத்தில் ஆன்மிக விழுமியங்களோடு வாழ்வது நடக்கிற காரியமா? நடக்கும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?"

நடக்கிற காரியம்தான். ஆனால் நீங்கள் கேட்ட விதத்திலேயே ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை முதலில் பிடித்துக்கொள்வோம். தியானத்தை வரவில் எழுதிவிட்டு, செய்தி, வேலை, வீடு மூன்றையும் செலவில் எழுதியிருக்கிறீர்கள். ஆன்மிகம் காலையில் நடந்து முடிந்துவிட்டது, அதைக் கெடுக்க வருவதுதான் மீதி நாள் என்பது போல. நானும் பத்துப் பதினைந்து வருடம் இப்படித்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி உட்காரும் அரை மணி நேரம் கிரிக்கெட்காரர்களின் நெட் பிராக்டிஸ் மாதிரி. நெட்டில் எவ்வளவு அழகாக அடித்தாலும் அந்த ரன்னை யாரும் ஸ்கோரில் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்துக்கொள்கிறோம், அதுதான் பிரச்சினை.

"காலம் கெட்டுவிட்டது" என்ற புலம்பலையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். கெட்டிருக்கிறது, சரி. கெடாமல் எப்போது இருந்தது? ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161-ல் அரியணை ஏறினார். சில ஆண்டுகளிலேயே, கிழக்கே போருக்குப் போன படை கொள்ளைநோயைக் கூடவே கொண்டுவந்தது. வடக்கே தன்யூப் நதிப் பக்கம் வருடக்கணக்காகப் போர். பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். இத்தனைக்கும் நடுவில் தனக்கென்று குறிப்புகள் எழுதிக்கொண்டார். அதில் ஒன்று, விடிந்ததும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது: இன்று வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பவனையும், நன்றி கெட்டவனையும், திமிர் பிடித்தவனையும், பொறாமைக்காரனையும் பார்க்கத்தான் போகிறாய், ஆனாலும் அவர்கள் உனக்கு உறவு, சேர்ந்து வேலை செய்யவே பிறந்தவர்கள். கையில் ஒரு பேரரசே இருந்த மனிதருக்கும் காலையில் முதல் வேலையாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது தன் எதிர்பார்ப்பைத்தான்.

ஆனாலும் நம் காலத்துக்கென்று தனியாகச் சில தொல்லைகள் இல்லாமல் இல்லை. என் பார்வையில் முதலாவது அவசரம். கோபம், பேராசை, பொறாமை பற்றியெல்லாம் பெரியவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அவசரத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அது ஒரு குற்றமாகவே நமக்குத் தோன்றுவதில்லை, பொறுப்பான மனிதனுக்கு அடையாளம் என்றுகூட நினைக்கிறோம்.

1973-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்துச் செய்தது. ஒவ்வொருவரையும் ஒரு சிறிய உரை தயாரிக்கச் சொல்லி, அதைப் பேசப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் கதை. அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைப் பெரிய மனிதர்கள் கண்டும் காணாமல் தாண்டிப்போக, வேற்று இனத்தான் ஒருவன் நின்று உதவுகிற பைபிள் கதை அது. மாணவர்கள் போகிற வழியில், ஒரு வாசலருகே ஒருவர் தலை தொங்கி, இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சரிந்து கிடந்தார். அது ஏற்பாடு என்று மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவப் பார்த்தார்கள். ஏற்கெனவே தாமதம், சீக்கிரம் போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். மனதில் நல்ல சமாரியன் கதை ஓடிக்கொண்டிருந்தது சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. அந்தக் கதையைப் பேசுவதற்காகவே ஓடி, கீழே கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

40 பேர் சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் எனக்கு இது புதிய செய்தியாகவே படவில்லை, என் வீட்டுக் கதையாகத்தான் தெரிந்தது. நீங்கள் எரிந்து விழுகிற நேரங்களை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எத்தனை மணி, அதற்கு முன் பத்து நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அவ்வளவு போதும். நான் குறித்தபோது பாதிக்கு மேல் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் விழுந்தது. அதாவது தியானம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நேரம்! காரணமும் அசிங்கமாகத் தெளிவாக இருந்தது. தியானத்தை நீட்டி நீட்டி, கிளம்ப வேண்டிய நேரத்தில் கையை வைத்திருந்தேன். வீட்டில் மற்றவர்கள் அந்த இழப்பை ஈடுகட்ட ஓடிக்கொண்டிருந்தார்கள். தியானத்தை அரை மணியிலிருந்து இருபது நிமிடமாகக் குறைத்தேன், அலாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளினேன். நான் கேட்ட பல சொற்பொழிவுகள் செய்யாததை அந்தக் கால் மணி நேரம் செய்தது. இதைச் சொன்னால் தீவிர சாதகர்கள் சிலருக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

அடுத்தது, நம்மை நாமே திருத்திக்கொள்வது. இதில், அமெரிக்க நாட்டை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் கதை சுவாரஸ்யமானது. மனிதர் இருபதுகளில் இருந்தபோது, குறையே இல்லாதவனாக ஆகிவிடுவது என்று திட்டம் போட்டார். 13 நற்குணங்கள். நோட்டில் குணத்துக்கு ஒரு வரி, கிழமைக்கு ஒரு பத்தி. தவறிய கட்டத்தில் கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. முதலில் பட்டியலில் 12 குணங்கள்தான் இருந்தன. "உன்னைப் பொதுவாக எல்லோரும் கர்வம் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்.

இதைப் பார்த்து நானும் ஒரு நோட்டு போட்டேன். 13 எல்லாம் எனக்குத் தாங்காது என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். கோபம், பொய், புறம் பேசுதல், சோம்பல், வீண் பெருமை. ஒரு நாள் இரவு நோட்டைத் திறந்தால், முந்தைய நாள் நான் பெருமையோடு காலியாக விட்டிருந்த கோபக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அழுத்தி வைத்த புள்ளி, தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்பட்டது. மகளைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்குப் பத்து வயது.

"நேத்து ஷூ லேஸ் கட்ட லேட்டாச்சுன்னு என்னை முறைச்சீங்களேப்பா."

"முறைச்சேன்மா. திட்டலையே."

"எனக்கு வயித்த வலிச்சுது" என்றாள்.

அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. என் கணக்கில் சத்தம் போட்டால்தான் கோபம். சத்தம் வராமல் அடக்கிவிட்டேன் என்றால் அன்று ஜெயித்துவிட்டதாக அர்த்தம். அவள் கணக்கு வேறு, அது அவள் வயிற்றில் நடக்கிறது. இன்றுவரை சுய முன்னேற்றம் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: உங்கள் மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை நீங்களே அளந்து மார்க் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உங்களால் என்ன ஆகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். பயப்படாமல் பதில் சொல்லக்கூடிய ஒருவர் போதும். அப்படி ஒருவர்கூட வீட்டில் இல்லை என்றால், அதுவே ஒரு பதில்தான்.

பிராங்க்ளினிடம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த 13-ல் மிதம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, சிக்கனம், சுத்தம் எல்லாம் இருக்கிறது. இரக்கம் என்று ஒரு வரி இல்லை. அதே மனிதர் பின்னாளில் பல வருடங்கள் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். தள்ளாத வயதில்தான், 1787-ல், அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றுக்குத் தலைவரானார். எவ்வளவு சுத்தமாக நோட்டு எழுதினாலும், எழுதத் தோன்றாத வரி ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். நம் நோட்டிலும் இருக்கும். ஊரே செய்கிறது, சட்டமும் தடுக்கவில்லை, அதனால் தவறாகவே தெரியவில்லை என்கிற வகை. நமக்குக் கீழே வேலை செய்பவரை எந்த நேரத்திலும் போனில் கூப்பிடுவது அதில் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வள்ளலார் இந்த விஷயத்தில் தலைகீழாக ஆரம்பித்தார் என்று எனக்குப் படும். 1867-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஜீவகாருண்யம்தான் மோட்ச வீட்டுக்குத் திறவுகோல் என்றார். திறவுகோல் என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகு செய்கிற தான தருமம் இல்லை அது. அது இல்லாமல் கதவே திறக்காது. பசியோடு நிற்பவரை முதலில் வைத்தால், என் மனம் அமைதியாக இருந்ததா என்ற கேள்வி தானாகவே கொஞ்சம் பின்னால் போய் நிற்கிறது.

சரி, வேலையிடத்துப் பொய். இங்கே பலர் நேராக அரிச்சந்திரன் உயரத்துக்குத் தாவப் பார்க்கிறார்கள், இரண்டு நாளில் முடியாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் பொய்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னவற்றை எழுதிப் பார்த்தபோது பெரிய மோசடி எதுவும் அதில் இல்லை. "முடிஞ்சுதா?" என்று மேலதிகாரி கேட்பார். "கிட்டத்தட்ட முடிஞ்சுது சார்" என்பேன். தொட்டிருக்கவே மாட்டேன். அந்தக் "கிட்டத்தட்ட" என்ற ஒரு சொல்லில்தான் என் வாய்மை முழுவதும் மாட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் விடுவது என்று முடிவு செய்தேன். "இன்னும் தொடங்கலை சார், நாளை சாயங்காலம் தருவேன்" என்று முதல் முறை சொன்னபோது காது சூடாகிவிட்டது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, அஞ்சு மணிக்குள்ள" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

எப்போதும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை, நடக்காத ஒரு பரிசோதனையை நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட மறுத்தேன். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழுமியம் என்று ஒன்றைப் பிடித்தால் எப்போதாவது அதற்குச் செலவு ஆகும். நேர்மையாக இருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அப்படி நம்பி நேர்மையாக இருப்பவர், முதல் நஷ்டத்திலேயே நேர்மையை விட்டுவிடுவார். இன்னொன்று, சின்னச் சின்னப் பொய்களை விட்டுப் பழகியிருக்காவிட்டால் அந்தக் கையெழுத்து நாளில் என் கை தானாகப் போட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

செய்திகளுக்கு வருவோம். புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உடம்பில் வலி வருவது முதல் அம்பு, அது எல்லோருக்கும் படும். அந்த வலியைப் பிடித்துக்கொண்டு புலம்பி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவது இரண்டாவது அம்பு, அதைப் பயிற்சி இல்லாதவன் தனக்கே எய்துகொள்கிறான். போர்ச் செய்தி வந்து தைப்பது முதல் அம்பு. தைக்கட்டும், தைக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அதே காட்சியை ராத்திரி பதினொன்றரைக்கு ஐந்து பேர் ஐந்து கோணத்தில் சொல்வதைப் பார்த்து, கீழே இருக்கும் சண்டைகளையும் படித்து, யாரோ முகம் தெரியாதவரை மனதுக்குள் திட்டிவிட்டுப் படுப்பது இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது அம்பு. அதனால் அங்கே அடிபட்ட ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை. காலையில் எட்டரை மணிக்கு ஷூ லேஸ் கட்டும் குழந்தைதான் அதை வாங்கிக்கொள்கிறது. நான் ஒரு நாளைக்கு ஒரு முறை, சாயங்காலம், எழுத்தில் வந்த செய்தியை மட்டும் படிக்கிறேன். ரொம்பப் பாதிக்கிற செய்தி என்றால் அதற்காக ஏதாவது ஒன்று செய்கிறேன், சின்னத் தொகை அனுப்புவதாவது. செய்ய எதுவுமே இல்லை என்றால் அந்த விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருக்கிறேன். இது எனக்கு ஒத்துவந்த ஏற்பாடு. உங்கள் வேலைக்கு இன்னும் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் ஒன்றைக் கவனித்து அதற்குப் பெயரும் வைத்தார். ஆன்மிக பைபாஸ். ஊருக்குள் நெரிசல் என்றால் வெளியே சுற்றிப் போகிறோமே, அந்த பைபாஸ்தான். தீர்க்காத மனக்காயம், பேச வேண்டிய சண்டை, கேட்க வேண்டிய மன்னிப்பு, இதற்குள்ளெல்லாம் நுழையாமல், ஆன்மிகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வெளியே போய்விடுவது. அண்ணன் தம்பிக்குள் பத்து வருடம் பேச்சு இல்லை, கேட்டால் "எனக்குப் பற்று விட்டுப்போச்சு" என்பார். பற்று விட்டவருக்கு அவன் பெயரைச் சொன்னதும் முகம் ஏன் இறுக வேண்டும்? இன்னொருவர் கஷ்டத்தைப் பார்த்து "எல்லாம் அவங்க கர்மா" என்பதும் இந்த வகைதான். கர்மா உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அந்தச் சொல்லைத் தன் தப்பைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துகிறவரை நான் மதிக்கிறேன், அடுத்தவர் கண்ணீரைப் பார்த்துப் பயன்படுத்துகிறவரை மதிப்பதில்லை. அப்புறம், தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஓடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தியான நேரத்தைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ஒரே ஒரு குறை. ஐந்துகூட வேண்டாம், எனக்கே ஐந்து அதிகமாகத்தான் இருந்தது. எத்தனை நாள் பிடிக்கும் என்றால், 21 நாள், 48 நாள் என்றெல்லாம் சொல்வார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டது. ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலேயே வரும் அளவுக்குப் படிய, நடுவாக 66 நாட்கள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு போனது, 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் மட்டும் கணித மதிப்பீடு. எனக்கு ஆறுதலாக இருந்தது அதில் வந்த இன்னொரு விஷயம். நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய பழக்கங்களை வைத்துச் செய்த ஆய்வு அது, கோபத்தை விடுவதற்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், ஒரு நாள் கத்திவிட்டால் "எல்லாம் போச்சு, நான் இதற்கு லாயக்கில்லை" என்று நோட்டை மூடி வைத்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்குக் கொஞ்சம் மருந்தாக இருந்தது.

கத்திவிட்ட நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்குள், படுப்பதற்கு முன், யாரிடம் கத்தினோமோ அவரிடம் போய் "காலையில நான் பேசினது தப்பு" என்று சொல்வது. பின்னால் ஒரு "ஆனா" போடாமல் சொல்ல வேண்டும். "தப்புதான், ஆனா நீயும்..." என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாம் சுற்று. என் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு "ஆனா" இல்லாமல் சொல்ல வந்தது. அதுவும் மனைவியிடம் சொல்ல வந்ததைவிடச் சீக்கிரம் மகளிடம் சொல்ல வந்தது. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டு முடிந்து இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. ஐந்து வரி குறைந்து இரண்டாகிவிட்டது. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். லீவுக்கு வந்தால் பையை வைத்த கையோடு, "நோட்டு எங்கப்பா, பென்சில் எங்க?" என்று கேட்பாள். போன தடவை மூன்று நாள் இருந்தாள். இரண்டு புள்ளி.